பட்டியலில் இருந்தும் அழிந்த வௌவால்: ஆஸ்திரேலியாவின் இனப் பாதுகாப்புச் சட்டம் தவறியது எங்கே?

2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி இரவு, இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவின் காட்டில், ஒரு சிறிய வௌவாலின் குரல் ஒலிப்பதிவுக் கருவியில் பதிவானது. கிறிஸ்துமஸ் தீவு பிப்பிஸ்ட்ரெல் என்று அழைக்கப்பட்ட அந்த வௌவால் இனத்தில் எஞ்சியிருந்த கடைசி உயிர் அதுவாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அடுத்த இரவு கருவியில் எந்தக் குரலும் பதிவாகவில்லை. அதன் பின்னரும் பதிவாகவில்லை. 2017-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்த இனம் அற்றுப்போனதாக அறிவித்தது.

ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில், ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்கு உட்பட்டிருக்கும் கிறிஸ்துமஸ் தீவு தமிழர்களுக்கு வேறொரு காரணத்தால் அறிமுகமான பெயர். வௌவாலின் குரல் அடங்கிய அதே 2009-ஆம் ஆண்டில்தான், போர் முடிந்த இலங்கையிலிருந்து படகேறிய தமிழ் அகதிகள் அத்தீவின் தடுப்பு முகாமுக்குப் பெருமளவில் கொண்டுவரப்பட்டார்கள். அகதிகளின் தீவு என்று உலகச் செய்திகளில் இடம்பெற்ற அந்த நிலப்பரப்பில் இன்னொரு அழிவும் நடந்துகொண்டிருந்தது. அது குறித்துப் பேசியவர்கள் குறைவு.

அந்த வௌவால் யாருக்கும் தெரியாமல் அழிந்துவிடவில்லை என்பதே இங்கு முக்கியமானது. 2001-இலேயே அது அழிவை எதிர்நோக்கும் இனமாக ஆஸ்திரேலிய அரசின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2004-இல் அதற்கென ஒரு தேசிய மீட்புத் திட்டம் வகுக்கப்பட்டது. 2006-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற மிக உயர்ந்த வகைக்கு அது மாற்றப்பட்டது. ஒரு உயிரினத்தைக் காக்க ஓர் அரசு காகிதத்தில் செய்யக்கூடிய அனைத்தும் செய்யப்பட்டிருந்தன. ஆயினும் அது அழிந்தது.

உலகின் செல்வந்த நாடுகளுள் ஒன்றான, வலுவான சட்டமும் தேர்ந்த அறிவியலாளர்களும் கொண்ட ஆஸ்திரேலியாவில் இது எவ்வாறு நேர்ந்தது? 2025 நவம்பர் இறுதியில் அந்நாட்டு நாடாளுமன்றம் தனது சுற்றுச்சூழல் சட்டத்தைப் பெருமளவில் திருத்தியமைத்துள்ள நிலையில், இக்கேள்வி புதிய முக்கியத்துவம் பெற்றிருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

ஐரோப்பியக் குடியேற்றம் தொடங்கிய 1788-க்குப் பின்னர் ஆஸ்திரேலியாவில் 30-க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் அற்றுப்போயுள்ளன. வேறெந்தக் கண்டத்தைவிடவும் இது அதிகம். அவற்றுள் உலகறிந்தது டாஸ்மேனியப் புலி. அந்த இனத்தின் கடைசி விலங்காக அறியப்பட்டது, 1936 செப்டம்பர் 7-ஆம் தேதி ஹோபார்ட் நகர விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. அந்த இனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டு அப்போது இரண்டு மாதங்கள்கூட முழுமையாக நிறைவுற்றிருக்கவில்லை. செப்டம்பர் 7 இன்று ஆஸ்திரேலியாவில் அழிவை எதிர்நோக்கும் இனங்களுக்கான தேசிய நாளாக அனுசரிக்கப்படுகிறது.

கூட்டாட்சி அரசின் முதல் இனப் பாதுகாப்புச் சட்டம் 1992-இல் வந்தது. அதற்குப் பதிலாக 1999-இல் இயற்றப்பட்டு 2000 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் மற்றும் உயிரினப் பன்மைப் பாதுகாப்புச் சட்டமே இன்றும் அடிப்படையாக விளங்குகிறது. அறிவியலாளர்களைக் கொண்ட ஒரு குழு இனங்களை ஆராய்ந்து பரிந்துரைக்க, அமைச்சர் அவற்றைப் பட்டியலில் சேர்ப்பார். பட்டியலில் உள்ள இனத்தைக் கணிசமாகப் பாதிக்கக்கூடிய எந்தத் திட்டத்துக்கும், அது சுரங்கமாயினும் நெடுஞ்சாலையாயினும், கூட்டாட்சி அரசின் அனுமதி தேவை. இன்று இப்பட்டியலில் தாவரங்களும் விலங்குகளுமாக ஏறத்தாழ 2,000 இனங்கள் உள்ளன.

தனித்தனி இனங்களை மட்டுமன்றி, ஒரு நிலத்தில் ஒன்றையொன்று சார்ந்து வாழும் உயிரினங்களின் தொகுதி முழுவதையும் 'உயிர்ச்சூழல் சமூகம்' என்ற பெயரில் இச்சட்டம் பட்டியலிடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய சமூகங்கள் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. நிலத்தையும், அதற்குரிய மரத்தையும் பறவையையும் விலங்கையும், அங்கு வாழ்வோரின் தொழிலையும் சேர்த்தே திணை என்று வகுத்துக்கொண்ட தமிழருக்கு இக்கருத்து புதிதன்று. ஒற்றை மரத்தைக் காப்பாற்றி முல்லையைக் காப்பாற்றிவிட முடியாது என்பதையே சட்டமும் வேறு சொற்களில் கூறுகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சிட்னி நகரின் மேற்குப் பகுதியில் உள்ள கம்பர்லாண்ட் சமவெளிக் காடு. யூகலிப்டஸ் மரங்களும் அவற்றின் கீழே புல்லும் புதரும் கொண்ட இத்திறந்த காடு 2009 டிசம்பரில் அழிவின் விளிம்பில் உள்ள சமூகமாகப் பட்டியலிடப்பட்டது. ஒரு காலத்தில் பரந்திருந்த அக்காட்டில் இன்று பத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. தமிழர்கள் கணிசமாக வாழும் டூங்காபி, பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில் ஆகிய புறநகர்கள் அமைந்திருப்பது இதே சமவெளியில்தான். புதிதாக வருவோர் வீடு வாங்கும் மார்ஸ்டன் பார்க், ஸ்கோஃபீல்ட்ஸ் போன்ற பகுதிகளும் அதன் மீதே எழுந்தவை. வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக உள்ள ஒரு நகரில், எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளை விட்டுவைப்பதா அல்லது வீடுகள் கட்டுவதா என்பது அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்களையும் தொடும் கேள்வி.

ஒரே தீவு, இரு முடிவுகள்

கிறிஸ்துமஸ் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தேசியப் பூங்கா. எனவே அங்கு வௌவால் அழிந்ததற்குக் காடழிப்பை மட்டும் காரணமாகக் கூற முடியாது. கப்பல்களில் வந்திறங்கிய அயல் இனங்களே தீவின் பெரும் சிக்கல். ஓநாய்ப் பாம்பு எனப்படும் ஆசியப் பாம்பு 1980களில் அங்கு காணப்படத் தொடங்கியது. மஞ்சள் வெறி எறும்பு எனப்படும் எறும்பினம் பெருங்கூட்டங்களாகப் பெருகி, தீவின் புகழ்பெற்ற செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. வௌவாலை அழித்தது இவற்றுள் எது என்பது உறுதியாக நிறுவப்படவில்லை.

ஆனால் அது குறைந்து வருகிறது என்பது 1990களின் ஆய்வுகளிலேயே தெரிந்தது. 2009-இன் தொடக்கத்தில் எஞ்சியவை அதிகபட்சம் 20 இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. எஞ்சியவற்றைப் பிடித்துக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்ய வேண்டும் என்று வௌவால் ஆய்வாளர்கள் வற்புறுத்தினர். அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. தீவின் உயிர்ச்சூழல் முழுவதும் சீர்குலைந்திருக்கையில் ஒற்றை இனத்தை மட்டும் மீட்பது பயன் தருமா, அவ்வளவு சிறிய வௌவாலைக் கூண்டில் வளர்க்க முடியுமா என்ற கேள்விகள் எழுந்தன. அவை நியாயமான கேள்விகளே. ஆனால் விடை தேடும்போதே மாதங்கள் கழிந்தன. ஜூலை 1-ஆம் தேதி அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பீட்டர் கேரட் மீட்பு முயற்சிக்கு ஒப்புதல் அளித்தார். ஆகஸ்டில் தீவுக்குச் சென்ற குழுவினர் கண்டறிந்தது ஒரே ஒரு வௌவால். அதையும் பிடிக்க இயலவில்லை.

அதே ஆண்டில் அதே தீவில் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. தீவுக்கே உரிய நீலவால் அரணையும் லிஸ்டர் பல்லியும் வேகமாக மறைந்து வருவதைக் கண்ட பூங்கா அதிகாரிகள், கிடைத்தவற்றைப் பிடித்துக் கூண்டுகளில் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினர். சிட்னியின் டரோங்கா விலங்குக் காட்சிசாலை துணை நின்றது. சில ஆண்டுகளில் காட்டிலிருந்த அரணைகளும் பல்லிகளும் முற்றிலும் மறைந்துபோயின. கூண்டில் இருந்தவை பெருகின. 2019-இல் நீலவால் அரணைகள் ஓநாய்ப் பாம்பு இல்லாத கொக்கோஸ் தீவுகளில் விடப்பட்டு மீண்டும் திறந்த வெளியில் வாழத் தொடங்கின.

மூன்றாவது ஓர் இனத்தின் கதை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. காட்டு அரணை எனப்பட்ட இனமும் பிடிக்கப்பட்டது. ஆனால் கிடைத்தவை சில பெண் அரணைகள் மட்டுமே. ஆண் கிடைக்கவில்லை. கடைசிப் பெண் அரணை 2014 மே 31-ஆம் தேதி கூண்டிலேயே இறந்தது. தொடக்கம் சற்றுத் தாமதித்திருந்தால் நீலவால் அரணைக்கும் இதே கதி நேர்ந்திருக்கும்.

இம்மூன்று இனங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அழிவு பற்றிய அறிவு மூன்றிலும் இருந்தது. சட்டமும் ஒன்றே. வேறுபட்டது, அறிவுக்கும் செயலுக்கும் இடையே கழிந்த காலம்.

இடைவெளி ஏன்?

இந்த இடைவெளி தற்செயலானது அல்ல என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. முதலாவது காரணம் பணம். 2019-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கணக்கீட்டின்படி, பட்டியலில் உள்ள இனங்களை மீட்க ஆண்டுக்குச் சுமார் 169 கோடி ஆஸ்திரேலிய டாலர் தேவை. 2018-19-ஆம் ஆண்டில் இதற்கென ஒதுக்கப்பட்டது சுமார் 12 கோடி டாலர்.

இரண்டாவது காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. தனது செயல் ஓர் இனத்தைக் கணிசமாகப் பாதிக்குமா என்பதை முதலில் தீர்மானிப்பவர் அந்தச் செயலைச் செய்பவரே. பாதிக்கும் என்று அவர் கருதினால்தான் அரசின் பரிசீலனைக்கு அனுப்புவார். 2000 முதல் 2017 வரை, அழிவை எதிர்நோக்கும் இனங்களின் வாழிடமாக இருக்கக்கூடிய சுமார் 77 லட்சம் ஹெக்டேர் நிலம் அழிக்கப்பட்டதாக 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது. இது இலங்கைத் தீவின் பரப்பைவிட அதிகம். அதில் 93 சதவீதம் கூட்டாட்சி அரசின் பரிசீலனைக்கு அனுப்பப்படவே இல்லை. இதில் மேய்ச்சலுக்காக அழிக்கப்பட்ட நிலமே மிகுதி.

அனுப்பப்பட்டவற்றின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. தான் ஆராய்ந்த அனுமதிகளில் 79 சதவீதத்தில் பிழைகளோ விதிமீறலான நிபந்தனைகளோ இருந்ததாக நாட்டின் தணிக்கை அலுவலகம் 2020-இல் அறிவித்தது. கோவாலா விலங்கு கிழக்கு மாநிலங்களில் 2012-இல் பட்டியலில் சேர்ந்தது. அதற்கான தேசிய மீட்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2022-இல். அதற்குள் அதன் நிலை மேலும் மோசமாகி, அடுத்த அபாய வகைக்கு மாற்றப்பட்டிருந்தது.

சட்டத்தை மறுஆய்வு செய்த கிரேம் சாமுவேல் 2020-இல் அளித்த அறிக்கையில், இன்றைய சவால்களையோ நாளைய சவால்களையோ எதிர்கொள்ளும் தகுதி இச்சட்டத்துக்கு இல்லை என்று முடிவு கூறினார். நடைமுறைகளை அடுக்கிச் செல்லும் சட்டம், விளைவு என்னவாக இருக்க வேண்டும் என்பதைக் கூறவில்லை என்பது அவரது விமர்சனத்தின் சாரம். அவர் ஒரு சுற்றுச்சூழல் போராளி அல்லர். வணிகப் போட்டி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராகப் பணியாற்றியவர்.

அரசியல் கணக்கு

நிலத்தின் மீதான அதிகாரம் பெரும்பாலும் மாநில அரசுகளிடம் உள்ளது. அழிவைத் தடுக்கும் பொறுப்பு கான்பராவில் உள்ள கூட்டாட்சி அரசிடம். சுரங்கத்தின் வருவாயும் வேலைவாய்ப்பும் ஒரு மாநிலத்துக்குக் கிடைக்க, அதை மறுப்பதன் அரசியல் விலையைக் கூட்டாட்சி அமைச்சர் சுமக்க வேண்டியிருக்கிறது. இந்நிலையில் திட்டங்கள் முற்றாக மறுக்கப்படுவது அரிதாகவே நிகழ்ந்துள்ளது.

டாஸ்மேனியாவின் மக்குவாரி துறைமுக நீர்ப்பரப்பில் நடந்தது இதற்கு அண்மைய சான்று. மோஜியன் திருக்கை என்ற மீனினம் இன்று வாழ்வதாக உறுதியாக அறியப்பட்டுள்ள இடம் அது ஒன்றே. அங்குள்ள சால்மன் மீன் பண்ணைகள் நீரின் ஆழத்தில் உயிர்வளி குறையக் காரணமாகின்றன என்று அறிவியலாளர்கள் எச்சரித்ததையடுத்து, பண்ணைகளுக்கு 2012-இல் வழிவிட்ட முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு சுற்றுச்சூழல் அமைப்புகள் கோரின. பண்ணைகளை நம்பி வாழும் ஸ்ட்ரான் என்ற சிற்றூரின் எதிர்காலம் தேர்தல் பிரச்சினையாகியது. 2025 மார்ச்சில், பொதுத் தேர்தல் அறிவிக்கப்படுவதற்கு இரண்டு நாள்களுக்கு முன்னர், அத்தகைய மறுபரிசீலனை அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் திருத்தம் இரு பெரும் கட்சிகளின் ஆதரவுடன் நிறைவேறியது.

வேலை இழக்கும் ஒரு குடும்பத்தின் அச்சத்தை அற்பமெனத் தள்ளிவிட முடியாது. திருக்கையின் எண்ணிக்கை சற்று மீண்டிருப்பதாக 2025-இன் தொடக்கத்தில் வெளியான ஆய்வு முடிவையும் அரசுத் தரப்பு சுட்டிக்காட்டியது. ஆயினும், ஓர் இனம் சட்டத்தை நாடும் வேளையில் சட்டமே மாற்றப்படுமானால் பட்டியலின் பொருள் என்ன என்ற கேள்வி எஞ்சுகிறது. கிறிஸ்துமஸ் தீவின் தடுப்பு முகாம் கட்டப்பட்டபோதும், தேசிய நலன் என்ற பிரிவைப் பயன்படுத்தி அதற்கு இதே சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

வெற்றிகளும் உண்டு

தோல்விகளை மட்டும் பட்டியலிடுவது நேர்மையாகாது. விக்டோரியா மாநிலத்தில் வாழும் கிழக்கு வரிப் பாண்டிகூட், தெலுங்கில் பெருச்சாளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் பெற்றிருந்தாலும், பெருச்சாளியோடு உறவில்லாத, வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் சிறு விலங்கு. 1980களின் இறுதியில் அந்த மாநிலத்தில் எஞ்சியவை சில நூறுகூட இல்லை. கூண்டில் இனப்பெருக்கம் செய்து, நரிகள் இல்லாத தீவுகளிலும் வேலியிட்ட காப்பகங்களிலும் அவை விடப்பட்டன. முப்பது ஆண்டுக்கும் மேலான உழைப்பின் பயனாக, இயற்கையில் அற்றுப்போன இனம் என்ற நிலையிலிருந்து அது 2021-இல் மீட்கப்பட்டது. வேட்டை நிறுத்தப்பட்டதால் பெருகிய கூன்முதுகுத் திமிங்கிலம் 2022-இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

இவ்வெற்றிகளில் ஓர் ஒற்றுமை உண்டு. நரியோ பாம்போ வேட்டைக்காரரோ, எதிரி இன்னதென்று தெளிவாகத் தெரிந்தது. அதை விலக்கி வைக்க ஓர் இடமும் நீண்டகால நிதியும் இருந்தன. எதிரி என்பது நிலத்தின் விலையாகவோ ஒரு தொழிலாகவோ இருக்கும் இடங்களில்தான் அரசுகள் தடுமாறுகின்றன. கம்பர்லாண்ட் சமவெளிக் காட்டைத் தீவொன்றுக்குக் கொண்டுசெல்ல முடியாது.

புதிய சட்டம், பழைய கேள்வி

2022-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு, இனி எந்த இனமும் அற்றுப்போகாது என்ற இலக்குடன் 110 முன்னுரிமை இனங்களையும் 20 முன்னுரிமை இடங்களையும் தேர்ந்தெடுத்துப் பத்தாண்டுச் செயல்திட்டம் ஒன்றை அறிவித்தது. சட்டத் திருத்தமோ மேற்கு ஆஸ்திரேலிய மாநில அரசும் சுரங்கத் துறையும் காட்டிய எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 தேர்தலில் மீண்டும் வென்ற பின்னர், பசுமைக் கட்சியின் ஆதரவுடன் அது நிறைவேற்றப்பட்டது.

தனியான தேசியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, விளைவுகளை வரையறுக்கும் தேசியத் தர நியமங்கள், ஏற்கவே முடியாத பாதிப்பு என்னும் வரம்பு ஆகியவை இதன் முக்கிய அம்சங்கள். இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதற்குப் பல்லாண்டுகளாக இருந்துவந்த விலக்கும் முடிவுக்கு வரவுள்ளது. இவற்றுள் பல சாமுவேலின் பரிந்துரைகளை ஒட்டியவை. அதேவேளை, தேசிய நலன் கருதி விதிகளுக்கு அப்பால் அனுமதி வழங்கும் அதிகாரம் தொடர்கிறது. வாழிடத்தை அழிப்பவர் வேறிடத்தில் ஈடு செய்வதற்குப் பதிலாக ஒரு நிதியத்துக்குப் பணம் செலுத்தவும் வழி வகுக்கப்பட்டுள்ளது. அழிக்கப்பட்டதற்கு இணையான காடு எங்கும் எஞ்சாதபோது அந்தப் பணத்தால் எதை வாங்க முடியும் என்று விமர்சகர்கள் வினவுகின்றனர்.

சட்டத்தின் வலிமை இனி எழுதப்படும் நியமங்களிலும், அவற்றுக்காக ஒதுக்கப்படும் நிதியிலும், முதலாவது கடினமான வழக்கில் அமைச்சர் எடுக்கும் முடிவிலும்தான் வெளிப்படும்.

கிறிஸ்துமஸ் தீவுக்கே உரிய பாலூட்டிகள் ஐந்து. இரு எலி இனங்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே மறைந்தன. வௌவால் 2009-இல் மறைந்தது. 1985-க்குப் பின்னர் எவர் கண்ணிலும் படாத மூஞ்சூறு அற்றுப்போனதாக 2025-இல் அறிவிக்கப்பட்டது. எஞ்சியிருப்பது ஒரு பழந்தின்னி வௌவால் மட்டுமே. அதுவும் இப்போது பட்டியலின் மிக உயர்ந்த அபாய வகையில் இருக்கிறது. சிறிய வௌவால் 2006-இல் இடம்பெற்றிருந்ததும் அதே வகையில்தான்.